பீச் சாக்கர் உலகக் கோப்பை: கடலே இல்லாத நாடு இறுதி ஆட்டம் வரை வந்தது எப்படி?

#1 கரைக்காற்று

வணக்கம் நண்பர்களே. 2025 மே மாதம் சீஷெல்ஸில் நடந்த பீச் சாக்கர், அதாவது மணல் கால்பந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நேற்றிரவுதான் முழுதாகப் பார்த்தேன். பிரேசில் 4, பெலாரஸ் 3. பிரேசில் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, மணலில் அவர்களுக்கு இது ஏழாவது ஃபிஃபா கோப்பை. என்னைத் தூங்க விடாமல் செய்தது பெலாரஸ்தான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அந்த நாட்டுக்கு ஒரு அடி கடற்கரைகூடக் கிடையாது. அங்கிருந்து வந்தவர்கள், கோபகபானா மணலில் பிறந்த ஆட்டத்தை பிரேசில்காரர்களுக்கு எதிராகவே ஒரு கோல் வித்தியாசம் வரை கொண்டுபோய்விட்டார்கள்.

ஃபிஃபா நடத்தத் தொடங்கிய 2005 முதல் இதுவரை 13 உலகக் கோப்பைகள். இறுதி ஆட்டம் ஆடிய நாடுகளை ஒரு தாளில் எழுதினேன்: பிரேசில், போர்ச்சுகல், ரஷ்யா, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், உருகுவே, மெக்சிகோ, சுவிட்சர்லாந்து, தஹிதி, ஜப்பான், பெலாரஸ். ஜெர்மனி இல்லை, இங்கிலாந்து இல்லை, அர்ஜென்டினாவும் இல்லை. ஆனால் பசிபிக் தீவான தஹிதி இரண்டு முறை இருக்கிறது!

புல்தரையில் பெரிய நாடாக இருப்பது மணலில் ஏன் உதவுவதில்லை? கடற்கரை இருப்பதும் ஏன் போதவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_பந்து

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஃபிஃபா வருவதற்கு முன்பே, 1995இல் ரியோவின் கோபகபானாவில் உலக சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது. 2004 வரை வருடாவருடம், எல்லாம் பிரேசிலிலேயே. பத்தில் ஒன்பதை பிரேசில் எடுத்துக்கொண்டது. 2001இல் மட்டும் போர்ச்சுகல். அந்தக் காலத்து அணிகளில் ஓய்வுபெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் நிறைய இருந்தார்கள். முதல் போட்டியில் ஜிகோவும் ஜூனியரும் பிரேசிலுக்காக இறங்கினார்கள். 2005இல் ஃபிஃபாவின் முதல் போட்டிக்கு ரொமாரியோ வந்தார். அந்த வருடம் கோப்பையை எடுத்தது பிரான்ஸ். பயிற்சியாளர் யார் தெரியுமா? எரிக் கன்டோனா. இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலோடு 3-3, அப்புறம் பெனால்ட்டியில் வெற்றி.

அதுவரை பெயர்தான் கூட்டத்தை இழுத்தது. அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. மணலில் மட்டுமே ஆடுகிறவர்கள் என்று ஒரு தலைமுறை உருவானது. போர்ச்சுகலின் மஜேரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கோலாவின் லுவாண்டாவில் பிறந்தவர். அல்ஜீரிய வீரர் ரபா மஜேரின் பெயரைப் பட்டப்பெயராகப் பெற்றவர். 2006 உலகக் கோப்பையில் மட்டும் 21 கோல்! 2015இல் சொந்த நாட்டில், எஸ்பின்யோவில் கோப்பை, 2019இல் இன்னொரு கோப்பை, அதோடு ஓய்வு. புல்தரை ரசிகர்களில் பலருக்கு இவரைத் தெரியாது. மணலில் இவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய நாடு என்கிற மதிப்பு பழைய நட்சத்திரங்கள் ஆடிய காலத்தோடு போய்விட்டது. இப்போது வருடம் முழுவதும் மணலில் உழைக்கிறவர்கள் ஜெயிக்கிறார்கள்.

#3 வெறுங்கால்

நான் பல வருடம் மணலில் ஆடியவன், போட்டி அளவில் இல்லை, ஆசைக்காக. புல்தரையில் 90 நிமிடம் ஓடிப் பழகிய நான் முதல் நாள் மணலில் ஆறு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியதால் மட்டும் இல்லை. கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் மணல் கீழே வாங்கிக்கொள்கிறது. தரையை உதைத்து எழும்பும் விசையில் பாதி மணலுக்குள்ளேயே போய்விடும். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன.

அப்புறம் பந்து. மணலில் பந்து உருளாது, குழியில் விழுந்து திசை மாறும். தரையோடு தட்டிக் கொடுக்கிற பாஸ் பாதி வழியில் செத்துப்போகும். அதனால் முதல் வேலை பந்தைக் கால்விரலால் கிளப்பிக் காற்றில் ஏற்றுவது. மார்பு, தொடை, தலை, தோள் என்று கீழே விழாமல் கொண்டுபோக வேண்டும். பைசிக்கிள் கிக்கை, அதாவது பின்பக்கம் சாய்ந்து தலைக்கு மேலே உதைப்பதை, ஏதோ வித்தை காட்டுவதாகப் புல்தரைக்காரர்கள் நினைக்கிறார்கள். மணலில் அது சாதாரண உதை. பந்து தலை உயரத்தில் வருகிறது, முதுகு கோல் பக்கம் இருக்கிறது, திரும்பி நிற்க நேரம் இல்லை. விழுந்தால் மணல் தாங்கிக்கொள்ளும். வேறு என்ன செய்வது?

வெறுங்கால் வேறு. காலணி போடக் கூடாது என்பது விதி. கணுக்கால் பட்டை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். புறங்காலில் பந்து சரியான இடத்தில் படாவிட்டால் வலி உயிர் போகும். இருபது வருடம் பூட்ஸ் போட்டு ஆடிய கால் இதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளாது. அர்ஜென்டினாவின் புல்தரை அணியை அப்படியே மணலில் இறக்கினால் நல்ல மணல் அணி எதனிடமும் தோற்றுப்போகும் என்றுதான் நினைக்கிறேன்.

#4 ஒன்பதாம்_எண்

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் நான் மாறுபடுகிறேன். 2011 இறுதி ஆட்டத்தில் ரஷ்யா 12, பிரேசில் 8. ஓர் இறுதி ஆட்டத்தில் 20 கோல்! கால்பந்தில் கோல் என்பது அரிது, அந்த அரிய தன்மைதான் அதற்கு மதிப்பு. இங்கே கோல் மழை. தஹிதி இரண்டு முறை இறுதிக்கு வந்தது என்றால், பெரிய நாடுகள் இதில் அக்கறை காட்டவில்லை என்பதுதானே பொருள்? போட்டியின் தரத்துக்கு அது எப்படிச் சான்றாகும்?

யாரையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது.

#5 தீவுப்பறவை

ஒன்பதாம்_எண் அவர்களே, தஹிதியைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. என் மனதுக்கு மிக நெருக்கமான அணி அது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013ஆம் வருடத்தை மட்டும் பாருங்கள். ஜூன் மாதம் பிரேசிலில் கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. தஹிதியின் புல்தரை அணி ஓசியானியா சாம்பியனாகப் போனது. நைஜீரியாவிடம் 1-6, மரக்கானாவில் ஸ்பெயினிடம் 0-10, உருகுவேயிடம் 0-8. மூன்று ஆட்டத்தில் 24 கோல் வாங்கினார்கள். பிரேசில் ரசிகர்கள் அவர்களுக்காக எழுந்து கைதட்டினார்கள், ஆனால் அது பரிவில் தட்டிய கை.

அதே வருடம் செப்டம்பரில் தலைநகர் பப்பேட்டேயில் மணல் உலகக் கோப்பை. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். காலிறுதியில் அர்ஜென்டினாவை 6-1 என்று அடித்தார்கள். ஆம், அர்ஜென்டினாவைத்தான். அரையிறுதியில் அந்த வருடம் கோப்பையை எடுத்த ரஷ்யாவிடம் 3-5. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலோடு 7-7, பெனால்ட்டியில்தான் தோற்றார்கள். ஜூனில் பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்க்கப்பட்ட ஒரு தீவுக்கூட்டத்தின் கால்பந்து, செப்டம்பரில் உலகின் முதல் நான்கில் ஒன்று.

அதோடு நிற்கவில்லை. 2015இல் அரையிறுதியில் இத்தாலியைப் பெனால்ட்டியில் வென்று இறுதிக்குப் போனார்கள். அங்கே போர்ச்சுகலிடம் அவர்கள் மண்ணிலேயே 3-5. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து தஹிதியின் ஹெய்மானு தாய்யாருய் கைக்கு வந்தது. 2017இல் பஹாமாஸில் மறுபடியும் இறுதி, பிரேசிலிடம் 0-6. அந்த ஸ்கோர் வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு இறுதி என்பது தற்செயலாக நடக்குமா?

பிரெஞ்சு பாலினேசியா முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குள்தான். புல்தரையில் 11 பேர் கொண்ட உலகத்தர அணியை அங்கே உருவாக்குவது எவ்வளவு கடினம்! மணலில் களத்தில் ஐந்து பேர் போதும், மொத்த அணிக்குப் பன்னிரண்டு பேர். பல வருடம் ஒன்றாகவே ஆடினார்கள். சுவிஸ் பயிற்சியாளர் ஆஞ்சலோ ஸ்கிரின்சி வந்து ஒழுங்குபடுத்தினார். அக்கறை காட்டாத நாடுகள் விட்டுக்கொடுத்த இடத்தில் தஹிதி போய் உட்காரவில்லை. இத்தாலியும் ரஷ்யாவும் முழு மூச்சாகத்தான் அவர்களோடு ஆடின.

#6 நடுவர்விசில்

கோல் மழை பற்றிய ஒன்பதாம்_எண்ணின் கேள்விக்கு விதிகள் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

மைதானம் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 மீட்டர் அகலம். ஒரு பக்கம் ஐந்து பேர். கணக்குப் போட்டால் ஓர் ஆட்டக்காரருக்குக் கிட்டத்தட்ட 97 சதுர மீட்டர் வருகிறது. 105-க்கு 68 புல்தரையில் 22 பேர் ஆடும்போது ஒருவருக்கு ஏறக்குறைய 325. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடம். ஆனால் கோல் அகலம் 5.5 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். புல்தரைக் கோலான 7.32-க்கு 2.44 என்பதிலிருந்து அது பெரிதாகச் சுருங்கவில்லை. களத்தில் எந்த இடத்தில் இருந்து அடித்தாலும் கோலாகலாம். ஈரானின் கோல்கீப்பர் பெய்மான் ஹொசேனி தன் கோலுக்கு முன்னால் இருந்தே எதிர்க் கோலைக் குறிவைப்பார். அவர் பந்தைக் கையில் எடுத்தாலே எதிரணி பதறும்.

ஃப்ரீ கிக் எல்லாமே நேரடி, அதாவது நேராகவே கோலுக்கு அடிக்கலாம். எதிரணியினர் வரிசையாக நின்று சுவர் கட்டக் கூடாது. மணலைக் குவித்துச் சின்ன மேடு ஒன்றில் பந்தை வைத்து, கோல்கீப்பரை நேருக்கு நேர் பார்த்து அடிக்கலாம். தவறுக்கு ஆளானவரே அந்த உதையை எடுக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பழைய விதி. அதனால்தான் பத்து பேருமே உதைக்கத் தெரிந்தவர்களாக வளர்ந்தார்கள். ஆஃப்சைடு கிடையாது. நான்கு விநாடிக்குள் பந்தை ஆட்டத்தில் போட வேண்டும். 12 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள், நடுவே மூன்று நிமிட இடைவெளி. ஆளை மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. முன்னிலையில் இருக்கிற அணி பின்னால் போய்ப் பூட்டுப் போட்டு உட்கார முடியாதபடி எல்லாம் அமைந்திருக்கிறது. 3-0 என்று முன்னால் இருந்தாலும் நிம்மதி கிடையாது.

ஆக, கோல் மலிவாகிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. கூடைப்பந்தில் புள்ளிகள் அதிகம் என்பதற்காக யாரும் அதைத் தரம் குறைந்த ஆட்டம் என்று சொல்வதில்லையே.

#7 ஒன்பதாம்_எண்

தீவுப்பறவை, தஹிதி விஷயத்தில் என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். 2013 கதை எனக்குத் தெரியாது. இரண்டு செய்திகளையும் தனித்தனியாகப் படித்திருக்கலாம், ஒரே வருடம் என்று இணைத்துப் பார்த்ததில்லை.

நடுவர்விசில், கோல் விஷயத்தில் யோசிக்கிறேன். ஆனால் இந்தப் புள்ளிமுறை? வழக்கமான நேரத்தில் ஜெயித்தால் 3, கூடுதல் நேரத்தில் 2, பெனால்ட்டியில் 1, தோற்றால் எப்படித் தோற்றாலும் 0. குழுச் சுற்றில் உலக சாம்பியனோடு 36 நிமிடமும், கூடுதல் மூன்று நிமிடமும் சமமாக நின்ற அணி பெனால்ட்டியில் தவறினால் வெறுங்கையோடு போக வேண்டும். இது நியாயமா?

#8 நடுவர்விசில்

இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டிரா என்பதே இல்லாமல் செய்ததற்குக் கொடுத்த விலை அது. ஆனால் மறுபக்கம் ஒன்றைப் பாருங்கள். மூன்று ஆட்டத்தையும் பெனால்ட்டியில் ஜெயித்த அணிக்கும், ஒரே ஆட்டத்தை நேராக ஜெயித்து இரண்டில் தோற்ற அணிக்கும் ஒரே 3 புள்ளிதான். சமநிலைக்கு ஆடுவதில் லாபமே இல்லை என்று விதி முகத்துக்கு நேராகச் சொல்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் 4-4 என்று இருக்கும்போது இரண்டு அணியும் பாய்ந்து பாய்ந்து ஆடுவதற்கு இதுவே காரணம்.

#9 வெறுங்கால்

நான் ஒன்பதாம்_எண் கட்சி. பெனால்ட்டி வரை போய்த் தோற்றவனுக்கு ஒரு புள்ளியாவது வேண்டும். கால் நடுங்க நடுங்க ஆடியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். விதியை நீங்கள் விளக்கியது புரிகிறது, ஆனால் மனசு ஏற்கவில்லை.

#10 கரைக்காற்று

நிறையக் கற்றுக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் பெலாரஸ் இன்னும் பாக்கி இருக்கிறது. தேடிப் பார்த்ததில் கடல் இல்லாத நாடுகள் இந்த ஆட்டத்தில் வேறும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து 2009 துபாயில் இறுதிக்குப் போய் பிரேசிலிடம் 5-10 என்று தோற்றிருக்கிறது. அந்தப் போட்டியில் அவர்களுடைய டேயான் ஸ்டான்கோவிச் 16 கோல் போட்டு, தங்கப் பந்தையும் அதிக கோலுக்கான விருதையும் சேர்த்து வாங்கினார். பராகுவே 2019 போட்டியை நடத்தவே செய்தது! அந்த அணியின் செல்லப்பெயர் லோஸ் பினாந்தி. குவாரனி மொழியில் வெறுங்காலர்கள் என்று அர்த்தமாம். அரங்கத்துக்கும் அதே பெயர்.

வெறுங்கால் அண்ணா, உங்கள் பெயரில் ஒரு தேசிய அணியே இருக்கிறது.

#11 வெறுங்கால்

இது எனக்கு இன்றுவரை தெரியாது தம்பி. மிக்க சந்தோஷம்.

#12 பழைய_பந்து

பெலாரஸுக்கு வருகிறேன். இந்த ஆட்டத்துக்குக் கடல் வேண்டாம், மணல்தான் வேண்டும். அதுவும் கடற்கரையில் கிடக்கிற எந்த மணலும் ஆகாது. கல், சிப்பி எதுவும் இல்லாமல் சலித்து, குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். அதற்காக ரொம்பப் பொடியாகவும் இருக்கக் கூடாது, உடம்பெல்லாம் ஒட்டித் தூசி கிளம்பும். லாரியில் கொண்டுவந்து எங்கே கொட்டினாலும் மைதானம் தயார். 2021 உலகக் கோப்பை மாஸ்கோவில் நடந்தபோது அப்படித்தான் செய்தார்கள்.

ரஷ்யா இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. கூரைக்குள் மணல் அரங்குகள், குளிர்காலத்திலும் பயிற்சி, தனி லீக், மணலுக்கென்றே கிளப் அணிகள். பயிற்சியாளர் மிகயீல் லிகச்சோவின் கீழ் 2011, 2013, 2021 என்று மூன்று கோப்பைகள். பிரேசில் தொடர்ந்து நான்கு முறை வென்றபின் ஐந்தாவதைத் தடுத்தது அவர்கள்தான், ஒன்பதாம்_எண் சொன்ன அந்த 12-8 ஆட்டத்தில். ஊக்கமருந்துத் தடையால் 2021இல் நாட்டின் பெயர் இல்லாமல், கால்பந்து சங்கத்தின் பெயரில் ஆடினார்கள். 2022க்குப் பிறகு நடந்த உலகக் கோப்பைகளில் அவர்கள் இல்லை. அந்தப் பக்கத்து நாடுகளில் மணல் கால்பந்துக்கு ஒரு வழிமுறை உருவாகியிருக்கிறது. பெலாரஸ் ஸ்பானியப் பயிற்சியாளர் நிகோலாஸ் அல்வராடோவை வைத்துக்கொண்டு அந்த வழியில் பொறுமையாக வந்தது. 2024 துபாயில் அரையிறுதி, 2025இல் இறுதி. ஒரே இரவில் வந்த அதிசயம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பணமும் அரங்கமும்தான் எல்லாம் என்று ஆகிவிடும். எல் சால்வடார். அவர்கள் அணியின் முக்கியமானவர்கள் சிலர் ஹிகிலிஸ்கோ வளைகுடாவில் உள்ள லா பிராயா என்ற குட்டித் தீவின் மீனவர்கள். படகு வலித்துவிட்டு வந்து கரையில் ஆடி வளர்ந்தவர்கள். 2011இல் இத்தாலியை இத்தாலியிலேயே, ராவென்னாவில், காலிறுதியில் வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தார்கள். எனக்கு அந்த அணி மீது தனி மரியாதை.

#13 அல்லி

பல நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். மேலே வந்த பதிவுகளில் பெண்கள் பற்றி ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, பேச உலகக் கோப்பையே இல்லை என்பதுதான் காரணம். ஆண்களுக்கு 13 முறை நடத்தியாயிற்று, பெண்களுக்கு ஃபிஃபா இன்னும் ஒன்றுகூட நடத்தவில்லை. 2019இல் தோஹாவில் நடந்த உலகக் கடற்கரை விளையாட்டுகளில் பெண்கள் பிரிவு இருந்தது, ஸ்பெயின் தங்கம் வென்றது. அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதற்கு ஆள் இல்லை, தரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு இது கோபமான விஷயம்.

#14 பழைய_பந்து

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அல்லி. நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

#15 கரைக்காற்று

இன்னொரு கணக்கு. 13 இறுதி ஆட்டங்களில் 26 இடங்கள். அதில் 13 ஐரோப்பிய அணிகள், சரியாகப் பாதி. ஆனால் 2025 போட்டியின் 16 அணிகளில் ஐரோப்பாவுக்கு நான்கே இடம்: பெலாரஸ், இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின். 2021இல் மூன்றாம் இடம் பிடித்த சுவிட்சர்லாந்து உள்ளேயே வரவில்லை. ஐரோப்பாவுக்குக் கூடுதல் இடம் தர வேண்டாமா?

#16 தீவுப்பறவை

எங்கிருந்து எடுத்துத் தருவீர்கள்? ஓசியானியாவுக்கு இருப்பதே ஒரே இடம். அதை எடுத்தால் தஹிதி இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்தால், 2021இலும் 2025இலும் நான்காம் இடம் வரை வந்த செனகலுக்கு ஆபத்து. ஆசியாவின் ஈரான் இரண்டு முறை மூன்றாம் இடம், ஜப்பான் ஒரு முறை இறுதி. 16 என்பதை 20 ஆக்குங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இருப்பதைப் பிடுங்க வேண்டாம்.

#17 கரைக்காற்று

அதுவும் சரிதான். 20 அணி என்றால் எனக்கும் சம்மதம்.

#18 ஒன்பதாம்_எண்

நேற்று 2015 அரையிறுதியைப் பார்த்தேன், தஹிதி - இத்தாலி. ஆறுக்கு ஆறு. ஒரு கோலும் மலிவாகத் தெரியவில்லை. பெனால்ட்டி வந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். புள்ளிமுறை விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

#19 தீவுப்பறவை

அதற்கு முந்தைய போட்டியில் தஹிதி - பிரேசில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். 7-7. பிரேசிலின் கோல்கீப்பர் மாவோவைக் கவனியுங்கள். போர்ச்சுகீசியத்தில் மாவோ என்றால் கை என்று பொருள்.